கூரைக்குள் ஓடும் குளிர்நீர்

நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்க்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விட்டபடியே இருக்கிறது. அதோடு கணினி, விளக்கு, சன்னல் வழியே வரும் வெயில் எல்லாம் சேர்ந்துகொள்ளும். பெரிய அலுவலகம் ஒன்றின் மின்கட்டணத்தில் கணிசமான பங்கு இந்த வெப்பத்தை வெளியேற்றவே போகிறது. வழக்கமான ஏசி இதைக் காற்றைக் கொண்டு செய்கிறது. வெப்பத்தைச் சுமப்பதில் காற்று மிகவும் சோப்ளாங்கி. ஒரு கன மீட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைக்கொண்டு அதே வெப்பநிலை மாற்றத்தைச் சுமார் 3,500 கன மீட்டர் காற்றில் உண்டாக்கிவிடலாம். ஆள் புகுந்து போகும் அளவுக்கு டக்ட் குழாய்களும், அவற்றை மறைக்க ஃபால்ஸ் சீலிங்கும், மின்விசிறி எந்திரங்களுக்குத் தனி அறைகளும் தேவைப்படுவது இதனால்தான்.

இந்தக் கணக்கை அரசுக் கட்டடம் ஒன்றிலேயே மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரத்தில் உள்ள எடித் கிரீன் – வெண்டல் வியாட் கட்டடம் 18 மாடி கொண்டது. 1970களின் நடுவில் எழுந்தது. நான்கு பக்கமும் ஒரே மாதிரி கான்கிரீட் பலகைகள், ஒரே அளவு சன்னல்கள். 2009 பொருளாதார மீட்பு நிதியிலிருந்து அதைப் புதுப்பிக்கப் பணம் கிடைத்தது. மொத்தச் செலவு சுமார் 13.9 கோடி டாலர். செனட்டர்கள் ஜான் மெக்கெய்னும் டாம் கோபர்னும் இதை வீண்செலவுப் பட்டியலில் சேர்த்துக் கண்டித்தார்கள். அந்தத் தொகையைப் பார்த்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனாலும் வேலை நடந்தது. பலகைகளைக் கழற்றிவிட்டு, எலும்புக்கூடான தூண்களையும் தளங்களையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 2013இல் கட்டடம் மறுபடி திறந்தது.

உள்ளே நடந்த முக்கியமான மாற்றம் கூரையில்தான். உலோகப் பலகைகளின் பின்னால் மெல்லிய குழாய்கள். அவற்றில் குளிர்ந்த நீர். நடு மத்தியானம் கோயில் கல் மண்டபத்துக்குள் நுழைந்ததும், காற்று அசையாதபோதும் உடம்பு குளிர்கிறதே, அங்கே நடப்பதும் இதுதான். நம் தோல் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை நாற்புறமும் வீசுகிறது. எதிரே இருக்கும் பரப்பு குளிர்ந்திருந்தால், வீசியதைவிடக் குறைவாகவே திரும்பி வரும். மிதமான சூழலில் சும்மா உட்கார்ந்திருப்பவர் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு இந்த வழியாகவே போகிறது. கூரை குளிர்ந்திருந்தால் அறைக்காற்றை அவ்வளவு குளிர்விக்க வேண்டியதில்லை. சுவாசிக்கத் தேவையான புதுக்காற்றை மட்டும் தனியே அனுப்பினால் போதும்.

டக்ட் குழாய்கள் சிறுத்ததால் எந்திரங்கள் அடைத்திருந்த இடம் மேசை போடும் இடமாயிற்று. அமெரிக்காவில் பொதுச் சேவைகள் நிர்வாகம் என்ற அமைப்பே அரசுத் துறைகளுக்கு வீட்டுக்காரர். துறைகள் அதற்கு வாடகை கட்டுகின்றன. சொந்தக் கட்டடத்தில் கூடும் ஒவ்வொரு சதுர அடியும் வெளியே தனியாரிடம் வாடகைக்கு எடுக்க வேண்டியிராத சதுர அடி. மின்கட்டணத்தை மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பணத்தைக் கணக்கில் எடுக்க மறந்துவிடுகிறார்கள்.

கூரையின் குளிர்விக்கும் திறனுக்கு ஒரு வரம்பு உண்டு என்பதால் வெயிலை வாசலிலேயே நிறுத்தியாக வேண்டும். புதிய கண்ணாடிச் சுவர்கள் பக்கத்துக்குப் பக்கம் வேறுபடுகின்றன. தெற்கே உச்சி வெயில் மேலிருந்து விழுவதால் கிடைத்தட்டுகள் அதை மறைத்துவிடும். மேற்கே சாயங்கால வெயில் கண்ணுக்கு நேராகத் தாழ்ந்து வருகிறது. அங்கே கிடைத்தட்டு உதவாது. அதனால் அந்தப் பக்கம் முழுக்க நாணல் தட்டைகளைப் போல அலுமினியக் கம்புகளை நெட்டுக்குத்தாக நிறுத்தியிருக்கிறார்கள். வடக்குச் சுவருக்கு மறைப்பே இல்லை; அந்த அட்சரேகையில் வடக்கே நேர்வெயில் அவ்வளவாக வருவதில்லை.

அடித்தளத்தில் பழைய துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடம் ஒன்று இருந்தது. அதை ஆறு லட்சம் லிட்டருக்கும் மேல் கொள்ளும் மழைநீர்த் தொட்டியாக்கி, கழிப்பறைகளுக்கும் செடிகளுக்கும் அந்த நீரை விடுகிறார்கள். லிஃப்ட்டுகளும் மாறின. ஆள் நிறைந்த லிஃப்ட் இறங்கும்போதும், காலி லிஃப்ட் எதிர் எடையின் இழுப்பில் ஏறும்போதும் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது.

சென்னையில் இது நடக்குமா? அப்படியே தூக்கிவந்து வைத்தால் கூரை சொட்டும். நம் கடற்கரைக் காற்றில் வருடத்தின் பெரும்பகுதி 24, 25 டிகிரியிலேயே நீராவி பனித்துளியாகப் படியத் தொடங்கிவிடும். கூரைக் குழாய்க்கு வேண்டியதோ 15இலிருந்து 18 டிகிரி நீர். ஆகவே சன்னலை இறுக மூடி, உள்ளே வரும் காற்றின் ஈரத்தை முதலில் வடித்தெடுக்க வேண்டும். அதற்கும் மின்சாரம் செலவாகும். ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011 வாக்கில் ஒரே கட்டடத்தின் இரு சமபாதிகளில் ஒன்றுக்கு வழக்கமான ஏசியும் மற்றதற்கு நீர்க்கூரையும் போட்டு அளந்தது. நீர்க்கூரைப் பாதியில் குளிர்விக்க ஆன மின்சாரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஹைதராபாத்தைவிடச் சென்னைக் காற்றில் ஈரம் அதிகம்; ஆதாயம் அந்த அளவுக்கு வராமல் போகலாம். நம் பொதுப்பணித் துறை அடுத்த முறை பழைய கட்டடம் ஒன்றில் டைல்ஸும் பெயின்ட்டும் மாற்றக் கிளம்பும்போது, ஒரு தளத்துக்கு மட்டும் நீர்க்கூரை போட்டு, தனி மீட்டர் வைத்து, மேல்தளத்து ரீடிங்கோடு ஒரு சித்திரையிலிருந்து அடுத்த சித்திரை வரை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.