தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி: பழைய பயமும் இன்றைய உண்மையும்



நாய் கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற பாட்டிமார் இன்றும் கேட்கிற கேள்வி ஒன்றுண்டு: "ஐயா, தொப்புளைச் சுத்தி ஊசி போடுவாங்களா? போட்டா கை கால் விழுந்துடும்னு சொல்றாங்களே?" இதை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. அந்தப் பயத்திற்குக் காரணம் இருந்தது.

1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்னும் மருத்துவர் வெறிநோய்த் தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார். நோய்க்கிருமி ஏற்றிய ஆட்டின் மூளையை அரைத்து, கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரித்த மருந்து அது. இவ்வகை ஊசி நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பல ஆண்டுகள் தயாரானது. வயிற்றில் பதினான்கு நாள் வரை தினமும் போடுவார்கள்.

மூளைத் திசுவில் மயலின் என்ற பொருள் உண்டு. மின்கம்பிக்கு மேலுறை எப்படியோ, நரம்புக்கு மயலின் அப்படி. ஆட்டின் மயலினை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்க்கப் பழகிய உடல், சிலரில் தன் சொந்த நரம்புறையையே தாக்கியது. பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல், தலைவலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு ஆகியவை தோன்றும். சிலருக்குப் பக்கவாதமும் வரும். பலர் தேறினார்கள், சிலர் தேறவில்லை. சில ஆய்வுகளில் சில நூறு பேருக்கு ஒருவர், சிலவற்றில் சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்று இது காணப்பட்டது.

அப்படியிருந்தும் ஏன் போட்டார்கள்? வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மரணம் ஏறக்குறைய நிச்சயம். அன்று வேறு வழி இல்லை.

இன்று வழி உண்டு. மூளைத் திசு ஊசியின் உற்பத்தி இந்தியாவில் 2004 இறுதியில் நிறுத்தப்பட்டது. இப்போதைய மருந்து ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணுக்களில் தயாராகிறது. அதில் மூளைத் திசு இல்லை. கையில் நான்கு அல்லது ஐந்து தவணைகளில் போடுகிறார்கள். ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல் வரலாம். நரம்புக் கோளாறு மிக மிக அரிது. எந்தத் தடுப்பூசிக்குப் பிறகும் கால் தளர்ந்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். காயம் ஆழமானால் அதைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். ஒரு தவணையும் தவறக்கூடாது.

பயந்து கேட்கிற பாட்டியிடம் "ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "அன்று நடந்தது உண்மைதான், அம்மா, அந்த மருந்து இப்போது இல்லை" என்று சொல்லுங்கள். உண்மையைக் கேட்டவர்கள் பிள்ளையின் கையை நீட்டுவார்கள்.