டாக்டர் மாறிவிட்டார், முதலிலிருந்து பார்ப்போம்

1981 மார்ச் 21, சனிக்கிழமை மாலை. பிரிட்டனில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே 'டாக்டர்' அன்று விடைபெற்றார். சுருட்டை முடி, முட்டைக் கண்கள், தரையைத் தொடும் பல வண்ணக் கம்பளி மப்ளர் என்று டாம் பேக்கர் ஏழு ஆண்டுகளாக 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் அந்த வேடத்தில் இருந்தார். 'லோகோபொலிஸ்' கதையின் முடிவில் ரேடியோ தொலைநோக்கிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து அவர் விழுகிறார். தரையில் கிடந்தவர் எழுந்து உட்காரும்போது முகம் வேறு, வயது வேறு. கால்நடை மருத்துவர்களைப் பற்றிய ஒரு தொடரில் நடித்து வீடுதோறும் அறிமுகமாகியிருந்த பீட்டர் டேவிசன்தான் புது டாக்டர். அவருடைய முதல் கதையோ 1982 ஜனவரியில்தான். ஒன்பது மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னருக்கு ஒரு கவலை இருந்தது. டாக்டர் என்றாலே டாம் பேக்கர் என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள் இன்னொருவரை எப்படி ஏற்பார்கள்? அவர் கண்ட வழி, பழையதைக் காட்டுவது. 1981 நவம்பரில் 'டாக்டர் ஹூவின் ஐந்து முகங்கள்' என்ற தலைப்பில் பிபிசி 2 ஐந்து வாரங்களுக்கு ஐந்து பழைய கதைகளை ஒளிபரப்பியது. 1963இல் வந்த முதல் கதையும் அதில் இருந்தது. வீட்டில் வீடியோ வைத்திருந்தவர்கள் சொற்பம். தொலைக்காட்சியில் வந்துபோனது வந்துபோனதுதான் என்றிருந்த காலம் அது. உங்கள் டாக்டருக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள், அவர்களும் இவரேதான் என்று ஒரு நாட்டுக்கே பழைய பாடத்தைத் திருப்பிச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அதன் பலன் ஒரு மாதத்தில் தெரிந்தது. டேவிசனின் முதல் கதையான 'காஸ்ட்ரோவால்வா'வில் புது டாக்டர் நிலைகொள்ளாமல் டார்டிஸ் என்ற தன் கலத்தின் தாழ்வாரங்களில் அலைகிறார். போகிற வழியெல்லாம் டாம் பேக்கரின் மப்ளரைப் பிரித்து நூலை அடையாளமாக விட்டுக்கொண்டே போகிறார். நடுநடுவே முதல் டாக்டரின் கறார்க் குரலும் இரண்டாமவரின் பதற்றமும் மூன்றாமவரின் மிடுக்கும் அவர் வாயில் வந்து போகின்றன. நவம்பரில் பழைய கதைகளைப் பார்த்திருந்த பிள்ளைக்கு அந்த இடம் முழுக்கப் புரிந்திருக்கும். பார்க்காத பிள்ளைக்கு யாரோ ஒருவர் தடுமாறுகிறார், அவ்வளவுதான்.

டாக்டர் ஹூ ரசிகர்கள் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய கதைகளுக்குத் திரும்புவதைப் பழம்பெருமை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தத் தொடரைப் பொறுத்தவரை, புதியவரை ஏற்றுக்கொள்வதற்குள்ள நல்ல வழி பழையவர்களைத் திரும்பப் பார்ப்பதுதான்.

மற்ற தொடர்களில் நடிகர் மாறினால் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஓர் அட்டையைக் காட்டிவிட்டுக் கதையைத் தொடர்வார்கள். டாக்டர் ஹூ அந்த மாற்றத்தையே கதையாக்கியது. 1963 நவம்பர் 23 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், பிபிசியில் தொடங்கிய தொடர் இது. தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். நீல நிறப் போலீஸ் பெட்டி வடிவிலான டார்டிஸில் ஏறி காலத்திலும் விண்வெளியிலும் திரியும் கிழவராக வில்லியம் ஹார்ட்னல் வந்தார். மூன்று ஆண்டில் அவர் உடல்நிலை மோசமாயிற்று. வசனம் நினைவில் நிற்கவில்லை. தொடரோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் மனிதர் இல்லையே, வேற்றுக்கிரகத்தவருக்கு உடம்பு புதுப்பித்துக்கொள்ளக் கூடாதா என்று யோசித்தார்கள். 1966 அக்டோபர் 29 அன்று ஹார்ட்னல் டார்டிஸின் தரையில் சரிந்தார். திரை வெளுத்து ஒளிர்ந்து அடங்கியபோது அங்கே பாட்ரிக் ட்ரௌட்டனின் முகம் இருந்தது.

அடுத்த வாரம் தொடங்கிய 'தி பவர் ஆஃப் த டாலெக்ஸ்' கதையை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் திரும்பப் பார்க்கலாம். டாக்டரின் இளம் துணைகள் பென், பாலி இருவருக்கும் நம் குழப்பமேதான். பென் நம்ப மறுக்கிறான். பழைய டாக்டர் அணிந்திருந்த மோதிரத்தை நீட்டுகிறான். அது புதியவரின் விரலில் நிற்காமல் நழுவுகிறது. பாலி நம்ப விரும்புகிறாள். புதியவர் கண்ணாடியில் பார்க்கிறார், ஒரு கணம் ஹார்ட்னலின் முகம் தெரிகிறது. துணைகள் தவித்துக்கொண்டிருக்க, ஜென்ம எதிரியான டாலெக் அவரைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்கிறது. நண்பர்களுக்கு வந்த சந்தேகம் பகைவனுக்கு வரவில்லை! அறுபது ஆண்டாக இந்தத் தொடரில் எழுதப்பட்ட மாற்றக் காட்சிகளில் இதைவிடக் கூர்மையான ஒன்றை நான் கண்டதில்லை.

'கண்டதில்லை' என்கிறேன். ஆனால் அந்தக் கதையின் ஆறு அத்தியாயங்களில் ஒன்றுகூட இன்று முழுதாகக் கிடையாது. அறுபதுகளின் அத்தியாயங்கள் பலவற்றை பிபிசி அழித்துவிட்டது. வீடியோ நாடாவுக்கு விலை அதிகம், மறுஒளிபரப்புக்கு வழியில்லை, இடமும் இல்லை என்று 1978 வரை அழிப்பு நடந்தது. இன்றும் 90க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் காணோம். ஹார்ட்னல் முகம் மாறும் அந்தக் கடைசி அத்தியாயமே இல்லை. மாற்றக் காட்சி மட்டும் 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்துப் பயன்படுத்தப்பட்டதால் பிழைத்தது. ஐந்து முகங்களைக் காட்ட முனைந்த 1981இல்கூட, ட்ரௌட்டனின் நான்கு அத்தியாயக் கதைகளில் முழுதாக இருந்தது 'தி க்ரோட்டன்ஸ்' ஒன்றுதான்.

காப்பாற்றியவர்கள் ரசிகர்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து ஒலியைப் பிடித்துவைத்த பிள்ளைகளால், தொலைந்த எல்லா அத்தியாயங்களின் ஒலியும் இன்று இருக்கிறது. அந்த ஒலியை வைத்துத்தான் 'பவர் ஆஃப் த டாலெக்ஸ்' அனிமேஷனாக வரையப்பட்டு, முதல் ஒளிபரப்புக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து 2016 நவம்பர் 5 அன்று வெளியானது. வெளிநாடுகளுக்கு விற்ற பிரதிகளிலும் சில திரும்பின. 'தி டூம் ஆஃப் த சைபர்மென்' கதையின் நான்கு அத்தியாயங்களும் ஹாங்காங்கிலிருந்து கிடைத்து 1992இல் வெளியாயின. 2013இல் நைஜீரியாவில் ஒன்பது அத்தியாயங்கள் அகப்பட்டன. ஆகவே இந்த ரசிகர்களுக்குத் திரும்பப் பார்ப்பது என்பது பொழுதுபோக்கைத் தாண்டிய காரியம். பார்க்கக் கிடைக்காத காலத்தை அனுபவித்தவர்கள் அவர்கள்.

ஹாங்காங்கிலிருந்து திரும்பிய கதை இன்னொரு டாக்டரையும் உருவாக்கியது. 2010இல் பதினோராவது டாக்டராக வந்த மாட் ஸ்மித், வேடத்துக்குத் தயாராகும்போது பழைய கதைகளைப் பார்த்து இதில் சொக்கிப்போனதாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு காட்சி. இரவு, எல்லோரும் தூங்குகிறார்கள். விக்டோரியா என்ற பெண் காவலிருக்கிறாள். டாலெக்குகளால் தந்தையை இழந்து டாக்டரோடு வந்தவள். 450 வயதுக்காரருக்கு ஓய்வு தேவை என்று அவரை எழுப்பாமல் விட்டிருக்கிறாள். விழித்த டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் துக்கத்தை மெல்ல விசாரிக்கிறார். தன் குடும்பத்தாரை நினைத்தால் கண்முன் கொண்டுவர முடியும், மற்ற நேரங்களில் அவர்கள் மனசுக்குள் உறங்குகிறார்கள் என்கிறார். கோமாளி போல் புல்லாங்குழல் ஊதித் திரிந்தவர் ஒரு நிமிடத்துக்குக் கிழவராகிறார். ஸ்மித்தின் டாக்டரைப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்: இளமுகத்துக்குள் உட்கார்ந்திருந்த அந்த முதுமை எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

திரும்பப் பார்ப்பதால் நியாயம் கிடைத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அவர் டேவிசனுக்கு அடுத்து வந்த காலின் பேக்கர். 1984 மார்ச்சில் 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோஸானி' கதையில் டேவிசனின் டாக்டர் உயிரை விடுகிறார். பெரி என்ற பெண்ணுக்கும் அவருக்கும் விஷம் ஏறியிருக்கிறது. இருக்கும் மருந்து ஒருவருக்குத்தான். அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சாகிறார். ஆறு நாள் கழித்து வந்த 'தி ட்வின் டைலெமா'வில், அதே பெரியின் கழுத்தைப் புது டாக்டர் மூளை கலங்கிய நிலையில் நெரிக்கிறார். போதாததற்கு அந்தப் பருவத்தின் கடைசிக் கதை அதுதான். அடுத்த ஜனவரிவரை பார்வையாளர்கள் மனதில் அந்தப் பிம்பம்தான் தங்கியது. 2009இல் 'டாக்டர் ஹூ மேகஸின்' அதுவரை வந்த 200 கதைகளையும் வாசகர்களைக் கொண்டு வரிசைப்படுத்தியபோது, முதலிடம் ஆண்ட்ரோஸானிக்கு, இருநூறாவது இடம் ட்வின் டைலெமாவுக்கு. அடுத்தடுத்து வந்த இரண்டு கதைகள்!

1986இல் காலின் பேக்கரை நீக்கினார்கள். முகம் மாறும் காட்சிக்கு மட்டும் வரச் சொன்னபோது அவர் மறுத்தார். அடுத்து வந்த சில்வெஸ்டர் மெக்காயே அவருடைய சுருள் முடி விக்கை மாட்டிக்கொண்டு தரையில் கிடந்தார். ஒரு கதாநாயகனை இவ்வளவு மரியாதையில்லாமல் அனுப்பியிருக்க வேண்டாம்.

இன்று பார்ப்பவருக்கு ஒன்பது மாதக் காத்திருப்பு இல்லை. கழுத்தை நெரித்த கதை முடிந்த கையோடு 1985இன் 'வெஞ்சென்ஸ் ஆன் வாரோஸ்' வரை போய்விடலாம். வாரோஸ் கிரகத்து மக்கள் வீட்டுக்குள் அடைந்து திரையில் சித்திரவதை பார்க்கிறார்கள். ஆளுநரின் திட்டத்துக்குத் திரையிலிருந்தே வாக்களிக்கிறார்கள்; தோற்றால் ஆளுநருக்கு நேரலையில் தண்டனை. ஒரு கணவனும் மனைவியும் சாப்பாட்டைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே பொத்தானை அழுத்துகிறார்கள். ரியாலிட்டி ஷோக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த இருவர் அந்நியர் இல்லை. அந்த உலகத்துக்குள் பளபளக்கும் கோட்டோடு நுழையும் டாக்டரின் முரட்டுக் குரல் பொருந்தவே செய்கிறது. 1999 முதல் பிக் ஃபினிஷ் நிறுவனம் வெளியிட்டுவரும் ஒலி நாடகங்களில் அதே காலின் பேக்கர் கனிந்த டாக்டராக நடித்து, விட்ட இடத்தைப் பிடித்தார்.

2017 ஜூலையில் ஜோடி விட்டேக்கரின் பெயர் அறிவிக்கப்பட்டபோது, டாக்டர் பெண்ணாவதா என்று கொதித்தவர்களுக்குப் பழைய கதைகளே பதில் வைத்திருந்தன. டாக்டரின் இனத்தில் ஆண் பெண்ணாவதும் பெண் ஆணாவதும் உண்டு என்பது 2011இலேயே சொல்லப்பட்டது; 2014இல் மாஸ்டர் என்ற வில்லன் மிஸ்ஸி என்ற பெண்ணாக வந்தார். தொடரை உருவாக்கியவர்களில் முதன்மையான சிட்னி நியூமனே 1986இல் பெண் டாக்டர் வேண்டுமென்று பிபிசிக்கு எழுதியிருக்கிறார். விட்டேக்கரின் முதல் கதைக்கு முன், 2018 மே முதல் ஜூலை வரை ட்விட்ச் தளம் 500க்கும் மேற்பட்ட பழைய அத்தியாயங்களைத் தொடர்ந்து ஓட்டியது. ஹார்ட்னல் காலத்தின் நிதானத்தை அதுவரை அறியாத இளைஞர்கள், 1965இன் லண்டனுக்குத் திரும்பி வந்து துள்ளிக் குதிக்கும் முதல் டாக்டரின் துணைகள் இயனையும் பார்பராவையும் பார்த்துச் சேர்ந்து கொண்டாடினார்கள்.

ஒரு முறையை மட்டும் நான் ஏற்க மாட்டேன். போனவரின் ஆகச் சிறந்த கதைகளை அடுக்கிவைத்துக்கொண்டு வந்தவரின் முதல் கதையை அளப்பது. அப்படி அளந்தால் யாரும் தேற மாட்டார்கள். முதல் கதையை முதல் கதையோடு வைத்துப் பாருங்கள். மூன்றாம் டாக்டரான ஜான் பெர்ட்வீ 1970இல் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார். டேவிட் டென்னன்ட் 2005 கிறிஸ்துமஸ் கதையின் பெரும்பகுதியைப் பைஜாமாவில் தூங்கியே கழிக்கிறார். எல்லோரும் தள்ளாடித்தான் வந்தார்கள்.

2014இல் பீட்டர் கபால்டியின் முதல் கதையான 'டீப் ப்ரெத்' இந்தச் சங்கடத்தை நேராகவே பேசியது. நரைத்த, சிடுசிடுத்த புதியவரை அவருடைய துணை கிளாராவால் ஏற்க முடியவில்லை. அப்போது தொலைபேசி ஒலிக்கிறது. பேசுவது மாட் ஸ்மித்தின் டாக்டர். சாவதற்குச் சற்று முன் இறந்தகாலத்திலிருந்து அழைக்கிறார். புதியவர் பயந்திருக்கிறார், அவருக்குத் துணையாக இரு என்று கெஞ்சுகிறார். கிளாரா போனை வைக்கிறாள். எதிரே நிற்கும் கபால்டி, என்னைக் கொஞ்சம் பார், பார்த்தால் போதும் என்ற தவிப்போடு அவளிடம் பேசுகிறார். இளமையில் இந்தத் தொடரின் தீவிர ரசிகராக இருந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் கபால்டி. ரசிகனின் தயக்கம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்; அது அந்த முகத்தில் இருக்கிறது.

இப்போது மீண்டும் ஓர் இடைவெளி. 2025 மே 31 அன்று ஷூட்டி காட்வாவின் டாக்டர் ஒளியில் கரைந்தபோது எழுந்த முகம் பில்லி பைப்பருடையது. 2005இல் ரோஸ் டைலராக இந்தத் தொடரின் மறுபிறப்பைத் தோளில் சுமந்த நடிகை. அவர் டாக்டர்தானா என்பதை டைட்டில்கூடச் சொல்லவில்லை. அந்த அக்டோபரில் டிஸ்னியுடனான கூட்டு முடிந்ததும், 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்புக் கதை வரும் என்று பிபிசி அறிவித்தது. இம்முறை புது முகமே பழைய முகம் என்பதால், 2005இன் 'ரோஸ்' அத்தியாயத்துக்குப் போகாமல் யாரும் முன்னே நகர முடியாது.

இதுவரை பார்க்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுபது ஆண்டுக் கதையை நினைத்து மலைக்காதீர்கள். 'தி டூம் ஆஃப் த சைபர்மென்' கதையிலிருந்து தொடங்குங்கள். 1967இன் கறுப்பு வெள்ளை. சைபர்மேன்களின் உடை மலிவு. டோபர்மேன் என்ற கறுப்பின வேலைக்காரரைச் சித்திரித்த விதம் இன்று உறுத்தும். இருந்தும் அந்த இரவுக் காட்சிக்காகப் பாருங்கள். நான்கு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 நிமிடம்.