வெள்ளம் வடிந்த பின்

2017-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் பினாங்கில் பெய்யத் தொடங்கிய அடைமழை விடிய விடியக் கொட்டித் தீர்த்தது. ஜார்ஜ்டவுன் சாலைகள் ஆறுகளாயின. ஆயிரக்கணக்கானோர் துயர்துடைப்பு மையங்களில் தஞ்சம் புகுந்தனர். பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் நெல்வயல்களும் நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்ததும் நகரத்துக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. விவசாயிகளுக்கோ துன்பம் அப்போதுதான் தொடங்கியது.

நெல் விளைய ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகும். இளம் பயிர் பல நாள் நீருக்குள் கிடந்தால் அழுகிவிடும். முற்றிய கதிர் சாய்ந்து நனைந்தால், நெல்மணி வயலிலேயே முளைவிடும். விதைக்கும் உரத்திற்கும் இயந்திர வாடகைக்கும் செலவிட்ட பணம் திரும்பி வராது. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பது பழமொழி. வெள்ளம் வந்த ஆண்டிலோ கடன்தான் மிஞ்சும். அடுத்த பருவத்திற்கு விதை வாங்கவும் கையில் பணம் இராது. இத்தகைய வேளையில் அரசாங்கம் இரு வகைகளில் கைகொடுக்கிறது.

முதலாவது, பயிர் இழப்புக்கான உதவி. முன்பு நெற்பயிர்ப் பேரிடர் நிதியிலிருந்து இவ்வுதவி வழங்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் நெற்பயிர்த் தக்காஃபுல் காப்புறுதித் திட்டம் அறிமுகமானது. இதன்கீழ் ஒரு ஹெக்டருக்கு 3,000 ரிங்கிட் வரை இழப்பீடு பெறலாம். பாதிப்பைக் காலந்தாழ்த்தாமல் தெரிவிப்பது விவசாயியின் கடமையாகும். நீர் வடிந்து தடயம் மறைந்துவிட்டால், இழப்பின் அளவை உறுதிசெய்வது கடினம்.

இரண்டாவது, நிலத்தைக் காக்கும் உதவி. உடைந்த கரையையும் தூர்ந்த வாய்க்காலையும் சீர்செய்யாவிட்டால், அடுத்த மழையிலும் அதே வயல் மூழ்கும். கெடாவிற்கும் பினாங்கிற்கும் எல்லையாக ஓடும் மூடா ஆறு 2003-ஆம் ஆண்டில் பெருக்கெடுத்தது. அதன்பின் வெள்ளத் தணிப்புத் திட்டத்தின்கீழ் ஆற்றை அகலப்படுத்தும் பணியும் கரைகளை உயர்த்தும் பணியும் மேற்கொள்ளப்பட்டன. அமெரிக்காவில் இத்தகைய சீரமைப்புக்கு விவசாயிகளுக்கே நேரடியாக மானியம் வழங்கப்படுகிறது. வெள்ளமோ சூறாவளியோ தாக்கிய நிலத்தில் குப்பைகூளங்களை அகற்றவும், கால்நடை வேலிகளை மீண்டும் அமைக்கவும் ஆகும் செலவில் பொதுவாக 75 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கிறது. எஞ்சியதை நில உரிமையாளர் ஏற்க வேண்டும்.

விவசாயியின் இழப்புக்கு மக்களின் வரிப்பணத்தை ஏன் செலவிட வேண்டும் எனச் சிலர் வினவலாம். மலேசியாவில் விளையும் அரிசி நம் தேவை முழுமைக்கும் போதாது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. சில வாரங்களில் இறக்குமதி அரிசியின் விலை இங்கு உயர்ந்தது. கடைகளில் உள்நாட்டு அரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஒரு விவசாயி பயிரிடுவதைக் கைவிட்டால், அதன் பாதிப்பு நம் வீட்டுச் சோற்றுப்பானை வரை வந்து சேரும்.

இழப்பீடு விவசாயியை ஒரு பருவத்திற்குத் தாங்கும்; உறுதியான கரையும் தூய்மையான வாய்க்காலும் பல பருவங்களுக்கு அவரைக் காக்கும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றொன்றை விட்டுவிட்டால், ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் இழப்பீடு மட்டுமே தொடரும். 'வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்' என்று நம் முன்னோர் சொன்னதும் இதற்காகத்தான்.