தண்ணீரில் கரண்டு பாய்ச்சினால் எரிவாயு! கிலோவுக்கு 50 யூனிட் ‘சாப்பிடுகிறது’

தூத்துக்குடி,

துறைமுகக் குடியிருப்பில் தெரு விளக்கு. அதற்கு மின்சாரம் தண்ணீரில் பிறந்த வாயுவில் இருந்து!

“கதை விடாதீங்க சார்” என்கிறீர்களா? கதை அல்ல, நிஜம். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் இதற்கான சோதனை நிலையம் திறக்கப்பட்டது. செலவு 3 கோடியே 87 லட்சம் ரூபாய்.

எப்படி?

தண்ணீருக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினால் தண்ணீர் இரண்டாகப் பிரியும். ஒன்று ஹைட்ரஜன், மற்றொன்று பிராணவாயு. பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். காற்றாலை, சூரிய ஒளி மின்சாரத்தில் செய்தால் புகை கிடையாது. அதனால் ‘பசுமை ஹைட்ரஜன்’ என்று பெயர்.

ஒரு கிலோ என்ன விலை?

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் பிரிய வேண்டும். அது ஒரு குடத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் மின்சாரம் 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும்! அதில் 75 வாட் சீலிங் ஃபேன் ஒன்று இரவு பகலாக 27 நாள் சுற்றும்.

யூனிட் 5 ரூபாய் என்றால் மின்சாரத்துக்கே 250 ரூபாய். யூனிட் இரண்டரை ரூபாய்க்குக் கிடைத்தால் 125 ரூபாய். இயந்திரச் செலவும் வட்டியும் தனி.

இயற்கை வாயுவில் இருந்து ஹைட்ரஜன் எடுப்பது இதைவிட மலிவு. போட்டி அதனுடன்தான்.

விளக்கு எரிக்கவா?

விளக்கு எரிப்பது சோதனைக்குத்தான். 100 யூனிட் செலவழித்து ஹைட்ரஜன் செய்து, அதைத் திரும்ப மின்சாரம் ஆக்கினால் பாதி கூடத் தேறாது. லாபத்துக்கு வழி உரத்தில் இருக்கிறது. ஹைட்ரஜனில் இருந்து அம்மோனியா, அம்மோனியாவில் இருந்து உரம். ஸ்பிக் உர ஆலை இருப்பதும் இதே தூத்துக்குடியில்தான்.

பழைய பாடம்

இது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. பஞ்சாபில் உள்ள நங்கலில் 1961-ம் ஆண்டே பக்ரா அணை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து உரம் செய்தார்கள். பிறகு வயலுக்கும் ஊருக்கும் மின்சாரம் போதவில்லை. அந்த முறையைக் கைவிட்டு ஆலை எண்ணெய்க்கு மாறியது.

மத்திய அரசு 2023-ல் இந்தத் திட்டத்துக்கு 19 ஆயிரத்து 744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் செய்ய வேண்டும் என்பது இலக்கு.

தென் மாவட்டங்களில் மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். வாங்க ஆள் இல்லாமல் காற்றாலைகளை நிறுத்தி வைக்கும் நேரமும் உண்டு. வீணாகும் அந்தக் கரண்டில் ஹைட்ரஜன் செய்தால் லாபம்தான். ஆனால் சீசன் முடிந்தால் இயந்திரம் சும்மா நிற்கும். வட்டி நிற்காது! அதற்காக நம்ம கடைக்கும் வீட்டுக்கும் வருகிற கரண்டில் கை வைத்தால்?

நங்கல் கதைதான் மறுபடியும்!