நோயாளியின் கையில் உள்ளது எது?

கடும் நோயால் படுக்கையில் கிடப்பவரைக் காண வரும் பந்துமித்திரர்கள் ஆரஞ்சுப் பழத்துடன் ஒரு போதனையையும் கொண்டு வருவது நம் நாட்டு வழக்கம். ஒருவர், "எல்லாம் தலைவிதி, நம் கையில் என்ன இருக்கிறது?" என்று பெருமூச்சு விடுவார். அவர் எழுந்து போனதும் மற்றொருவர் வந்து, "மனோதிடம் இருந்தால் எந்த வியாதியும் ஓடிவிடும்" என்று தைரியம் கூறுவார். இருவரும் அன்பினால் பேசுகிறார்களேயன்றி வேறில்லை. ஆயினும் இவ்விரு பேச்சுகளும் கேட்டுக்கொண்டு கிடப்பவருடைய மனத்தை என்ன செய்கின்றன என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயமாகி அரை நூற்றாண்டாகிவிட்டது. அதன் முடிவுகள் இரு சாராருக்கும் உவப்பாக இரா.

தன் வாழ்வில் நிகழ்வன தன் செயலால் நிகழ்கின்றனவா, புறத்தேயுள்ள சக்திகளால் நிகழ்கின்றனவா என்பது பற்றி மனிதன் கொண்டுள்ள நம்பிக்கையை அளந்தறிய, 1966-ல் ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஒரு வினாத்தொகுதியை வெளியிட்டார். 1978-ல் வால்ஸ்டன் தம்பதிகளும் அவர்களுடைய சகாக்களும் இதனை உடல்நலத்துக்கென மூன்றாக வகுத்தனர். என் ஆரோக்கியம் என் கையில் என்பது ஒன்று. வைத்தியர் போன்றவர் கையில் என்பது ஒன்று. அதிர்ஷ்டத்தின் கையில் என்பது மற்றொன்று. முதல் நம்பிக்கை உடையவரே நோயிலும் நிம்மதியாயிருப்பார் என்று எவரும் நினைப்பர். விஷயம் அவ்வளவு எளிதன்று. ஷெல்லி டெய்லர் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் மார்பகப் புற்றுநோய் கண்ட 78 பெண்களிடம் விரிவாகப் பேசி, 1984-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். நோயைத் தம்மால் ஓரளவு அடக்க முடியும் என்று நம்பியவர்கள் மனஅமைதியுடன் இருந்தது உண்மையே. ஆனால், வைத்தியரால் அதை அடக்க முடியும் என்று நம்பியவர்களும் அவ்வாறே இருந்தார்கள்! பொறுப்பைத் தானாக மனமுவந்து ஒருவரிடம் ஒப்படைப்பதும் ஒருவகை அதிகாரமே போலும்.

அதிகாரம் என்றால் பெரிய அதிகாரம் வேண்டுவதில்லை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்து முதியோர் விடுதி ஒன்றில் எலன் லாங்கர், ஜூடித் ராடின் என்ற இரு பெண்மணிகள் செய்து 1976-ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஒரு மாடியில் வசித்தவர்களிடம், "உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, பொழுதை எப்படிக் கழிப்பது என்பவற்றை நீங்களே தீர்மானியுங்கள்" என்று கூறி, ஒரு செடியைத் தாமே தேர்ந்து வளர்க்கும்படி கொடுத்தார்கள். மற்றொரு மாடியினருக்கும் செடி கிடைத்தது. ஆனால் தண்ணீர் ஊற்றும் வேலை தாதியருடையது. மூன்று வாரத்தில் முதல் மாடியினர் அதிக உற்சாகத்துடன் காணப்பட்டார்கள். பதினெட்டு மாதத்துக்குப் பின்னர் கணக்கெடுத்தபோது அவர்களில் 47 பேரில் 7 பேரும், மற்றவர்களில் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தனர். இவை சிறிய எண்கள். இவற்றை வைத்துக்கொண்டு செடி வளர்த்தால் ஆயுள் கூடும் என்று யாரும் சாதிக்க வேண்டாம். இதைவிடக் கவனிக்கத்தக்கது ரிச்சர்ட் ஷுல்ஸ் செய்த மற்றொரு சோதனை. கல்லூரி மாணவர்கள் முதியோரைப் பார்க்க வந்தார்கள். எப்போது வரவேண்டும், எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்பதைச் சில முதியோரே நிர்ணயித்தார்கள். அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். சோதனை முடிந்தது, மாணவர் வருகை நின்றது. அதன்பின் அதிகமாகச் சோர்ந்து போனவர்களில் அவ்வாறு நிர்ணயித்திருந்தவர்களும் இருந்தார்கள். கொடுத்துப் பறிப்பதன் கொடுமை அது.

இனி, மனோதிடக்காரரிடம் வருவோம். போராடும் குணமுள்ளவர்கள் புற்றுநோயில் அதிக காலம் பிழைக்கிறார்கள் என்று லண்டனில் நிகழ்ந்த ஒரு சிறு ஆராய்ச்சியிலிருந்து 1979-ல் ஒரு கருத்து எழுந்து உலகெங்கும் பரவியது. ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் கண்ட 578 பெண்களைக் கவனித்து வந்த மாகி வாட்சன் குழுவினர் 1999-ல் கண்டது வேறு. போராடும் குணத்தால் ஆயுள் நீளவில்லை. 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்ற நிராதரவான எண்ணமோ ஓரளவு கேட்டுடன் தொடர்புற்றிருந்தது. இந்த வேற்றுமையை நமது அன்பர்கள் கவனிக்கவேண்டும். கைவிடப்பட்டோம் என்ற உணர்விலிருந்து ஒருவரை மீட்பது தருமம். "நீ உறுதியாயிருந்தால் பிழைப்பாய்" என்று சொல்வதோ வேறு காரியம். நோய் முற்றினால் "நீ உறுதியாயில்லை" என்பதே அதன் மறுபாதி. வாய் திறந்து சொல்லப்படாத குற்றப்பத்திரிகை அது. குற்றத்தை நிரூபிக்கும் பாரம் வாதியைச் சேர்ந்தது என்பதைச் சட்டம் படித்த எவரும் அறிவர். இங்கோ குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் பாரம் மூச்சு விடவே சிரமப்படுகிறவர் தலையில் விழுகிறது. வயிற்றுப் புண்காரர்களையும் இப்படித்தான் நெடுங்காலம் "கவலைப்பட்டுக் கெடுத்துக்கொண்டாய்" என்று கடிந்தோம். அதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு கிருமி என்று காட்டிய ஆஸ்திரேலியர்களான மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. கடிந்தவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

நிற்க. நமது வீடுகளில் நிகழ்வது இன்னும் விசித்திரமானது. டாக்டர் மகனைத் தாழ்வாரத்துக்கு அழைத்து நோயின் பெயரைச் சொல்கிறார். தாயிடம், "ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டிதான்" என்கிறார்கள். பிறகு அதே தாயிடம், "தைரியமாயிருங்கள், எல்லாம் உங்கள் மனத்தில்தான் இருக்கிறது" என்றும் உபதேசிக்கிறார்கள். எதை எதிர்த்து அவர் தைரியமாயிருப்பது? தெரிந்துகொள்ள விரும்பாத நோயாளிகளும் உண்டு. அவர்கள் விருப்பம் மதிக்கத்தக்கதே. அந்த விருப்பத்தையும் அவரிடமே கேட்டறிய வேண்டும் என்பது நமது கட்சி. சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. பரிசோதனைக்காக மட்டும் சம்மதித்து மயக்க மருந்து ஏற்ற ஒரு பெண்மணிக்கு, வெளியே இருந்த அவருடைய தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக்கொண்டு கருப்பையை அகற்றிய வழக்கில், வயது வந்தவருக்காகப் பெற்ற தாயும் அவ்வாறு சம்மதம் தரவியலாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அவர் கண் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2008-ல் தீர்ப்பளித்தது. நமது ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களுக்கு இத்தீர்ப்பு இன்னும் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

நோயின் போக்கு ஒருவர் கையில் இல்லாதபோதும், அவருடைய வலி அவர் கையில் இருக்கக்கூடும். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டித் தொடங்கிய வலி நிவாரணச் சங்கத்தார், மார்பைன் மருந்தை நோயாளிகளிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். போதைப்பொருள் பரவிவிடும் என்று அஞ்சி 1985-ம் வருஷத்துச் சட்டம் அம்மருந்தைப் பல பூட்டுகளுக்குள் வைத்திருந்த காலம் அது. இரண்டு வருஷ காலத்தில் அவ்வாறு பெற்றுச் சென்ற 1,723 பேரில் எவரிடமிருந்தும் மருந்து தகாத வழியில் போகவில்லை என்று 2001-ல் கணக்குக் காட்டினார்கள். 2014-ல் பார்லிமெண்டு அச்சட்டத்தைத் திருத்தியது. இரவு இரண்டு மணிக்கு வலி எழும்போது, யாரையும் எழுப்பிக் கெஞ்சாமல், தலைமாட்டிலிருந்து தாமே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு மாத்திரை. நம் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் அது கிடைக்கிறதா என்று சட்டசபை அங்கத்தினர்கள் கேட்டறிந்து சொன்னால் உபகாரமாயிருக்கும்.