அனுப்புநர் பெயரை நம்பலாமா?

ஒரு பள்ளி அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். மாலை நான்கு மணி. இளநிலை உதவியாளர் கணிப்பொறியை மூடப்போகும் நேரத்தில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. அனுப்புநர் இடத்தில் தலைமையாசிரியரின் பெயர். “உதவித்தொகைப் பட்டியலை ஐந்து மணிக்குள் சரிபார்க்க வேண்டும், கீழுள்ள இணைப்பைத் திறக்கவும்” என்பது செய்தி. இணைப்பைத் திறந்தால் வழக்கமாகக் காணும் பக்கம், கடவுச்சொல்லைக் கேட்கிறது. அவரும் கொடுத்துவிடுகிறார். தலைமையாசிரியரோ அப்படியொரு மடலை எழுதவே இல்லை!

இவ்வாறு தெரிந்தவர்போல் நடித்து இரகசியங்களைக் கவரும் முறைக்கு ‘ஃபிஷிங்’ என்று பெயர். மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியே இதற்கும். எழுத்து மட்டும் வேறு. தமிழில் இதனைத் தூண்டில் மடல் எனலாம். 1990-களின் நடுவில், ‘அமெரிக்கா ஆன்லைன்’ நிறுவனத்தின் ஊழியர்கள்போல் நடித்து, அதன் வாடிக்கையாளர்களிடம் சிலர் கடவுச்சொற்களைக் கேட்டு வாங்கினர். இச்சொல் வழக்கிற்கு வந்ததும் அக்காலத்தில்தான்.

பிறர் பெயரில் மடல் அனுப்புவது எப்படி முடிகிறது? மின்னஞ்சலை ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறை 1982-இல் வகுக்கப்பட்டது. அன்று அதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் சேர்ந்தவர்கள். ஆகவே அனுப்புநர் உண்மையானவரா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இடம்பெறவில்லை. அஞ்சலட்டையில் அனுப்புநர் என்று எவர் பெயரையும் எழுதிப் பெட்டியில் போட்டுவிடலாமல்லவா? அதைப் போன்றதே இதுவும். பிற்காலத்தில் எஸ்.பி.எஃப்., டிமார்க் முதலிய சோதனைகள் சேர்க்கப்பட்டன. எனினும், மோசடிக்காரர் தாமே பதிவுசெய்த முகவரியிலிருந்து, தலைமையாசிரியரின் பெயரை மட்டும் இட்டு அனுப்பினால், அம்மடல் இச்சோதனைகளில் தேறிவிடும்.

இணைப்பின் முகவரியைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. இரட்டைச் சாய்கோட்டுக்கும் அதற்கு அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கும் இடையிலுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் பாருங்கள். ‘நம்பள்ளி.பரிசு.காம்’ என்றிருந்தால், அத்தளம் ‘பரிசு.காம்’ என்பதைப் பதிவு செய்தவருக்கே உரியது. ‘நம்பள்ளி’ என்பது அவர் முன்னால் ஒட்டிக்கொண்ட பெயர். மேலும், ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘என்’ என்னும் சிறிய எழுத்துகளை அடுத்தடுத்து எழுதினால் ‘எம்’ போலவே தோன்றும். பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று அமைதி கொள்ளவும் கூடாது. செய்தி வழியில் பிறரால் படிக்கப்படாது என்பதையே பூட்டு காட்டும். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பதை அது காட்டாது.

ஒரே ஒரு கடவுச்சொல் போனால் என்ன? அந்த உதவியாளரின் உண்மையான முகவரியிலிருந்தே, “தேர்வுக் கட்டணம் செலுத்துக” என்று பெற்றோர்களுக்கு மடல் போகலாம். மாணவர்களின் பிறந்த தேதி, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை வெளியேறலாம். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டைப் போலிப் பக்கத்தில் இட்டால், அதையும் அந்தக் கணமே மோசடிக்காரர் பயன்படுத்திக்கொள்வார்.

இதற்குக் காப்பு என்ன? அவசரமும் அச்சமும் ஆசையும் ஊட்டும் மடலைக் கண்டால் சற்று நில்லுங்கள். அதற்கு மறுமொழி எழுதாதீர்கள்; அதில் கண்ட எண்ணுக்குப் பேசவும் வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அழையுங்கள்; அல்லது நேரில் கேளுங்கள். தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். மாணவர்கள் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மடலைக் காட்டலாம்.

ஏமாந்துவிட்டால் மறைக்கக் கூடாது. கடவுச்சொல்லை உடனே மாற்றிப் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் வங்கிக்கும், 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். ஏமாந்தவரைக் கேலி செய்யும் பள்ளியில் அடுத்து ஏமாறுபவர் வாய் திறக்கமாட்டார். அந்த மௌனமே மோசடிக்காரருக்குக் கிடைக்கும் கூடுதல் நேரம். தலைமையாசிரியரின் அறைக் கதவைத் தட்டி, “ஐயா, இம்மடல் தாங்கள் அனுப்பியதா?” என்று கேட்க ஒரு நிமிடம் போதும். அப்படிக் கேட்பவரைக் கடிந்துகொள்ளாமல் பாராட்டும் வழக்கம் ஒவ்வொரு பள்ளியிலும் ஏற்பட வேண்டும்.