மரபணுவைத் திருத்தும் நாட்களில் விசுவாசி



1978-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோது, மனிதன் தேவனுடைய இடத்தில் உட்காரத் துணிந்தான் என்று பலர் அஞ்சினர். இன்றோ அவ்வழியில் பிறந்த பிள்ளைகளையும் சபையிலே கைகளில் ஏந்திப் பிரதிஷ்டை செய்கிறோம். மரபணுத் திருத்தமும் இவ்வாறே நம் வீடுகளுக்குள் வரும் என எண்ணுகிறேன். முதலில் அச்சம், பின்பு வியப்பு, முடிவில் வழக்கம். அது வழக்கமாகுமுன் நாம் நிதானித்து அறிய வேண்டியது ஒன்றுண்டு.

மரபணுத் திருத்தத்தில் இருவகை உண்டு. ஒன்று, நோயாளியின் உடலில் செய்வது. அரிவாள் செல் சோகை உள்ளவரின் ஸ்டெம் செல்களை எடுத்து, 'கிரிஸ்பர்' முறையால் திருத்தி, அவருக்கே திரும்பச் செலுத்தும் சிகிச்சையைப் பிரிட்டனும் அமெரிக்காவும் 2023-இல் அங்கீகரித்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்! ஆயினும் அந்த மாற்றம் அவரோடு முடிகிறது. அதை ஏற்பது அவிசுவாசமா? அல்லவே. பவுலின் உடன்பயணியான லூக்கா ஒரு வைத்தியன். ஜெபமும் மருந்தும் ஒன்றையொன்று பகைப்பதில்லை.

மற்றொன்று, கருவையே திருத்துவது. அது தலைமுறை தலைமுறையாய்த் தொடரும். 2018-இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், எய்ட்ஸ் கிருமி தொற்றாதிருக்கும்படி இரட்டைப் பெண் குழந்தைகளின் கருக்களைத் திருத்தியதாக அறிவித்தார். உலகமே கண்டித்தது, 2019-இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஆனால் கண்டனம் நிலைத்திருக்குமா? நம் தேசத்தின் அனுபவத்தைப் பாருங்கள். கருவின் குறைகளை அறிய உதவும் ஸ்கேன், பெண் சிசுவைக் கண்டறிந்து அழிக்கும் கருவியாயிற்று. 1994-இல் சட்டம் தடுத்தது. எனினும் ஆறு வயதுவரையுள்ள ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 1991-இல் 945 ஆயிருந்த பெண் பிள்ளைகள், 2001-இல் 927 ஆகக் குறைந்தனர். கருவி மாறியது, இருதயம் மாறவில்லை. திருமணப் பேச்சில் நிறத்தையும் உயரத்தையும் விசாரிக்கிற நாம், நாளை அவற்றைக் கருவிலேயே தெரிந்துகொள்ளலாம் என்று ஒருவர் விலை கூறினால் என்ன செய்வோம்?

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், யார் செய்த பாவம் என்று கேட்டார்கள். நாளைய உலகமோ அவன் தாயை நோக்கி, ஏன் முன்னமே திருத்தவில்லை என்று கேட்கும். அந்தக் கேள்வி நம் சபையின் வாசலுக்குள் வரலாகாது. குறையோடு பிறந்த பிள்ளையைச் சுமக்கும் தாய், ஞாயிறு ஆராதனையில் வெட்கமின்றி முன்வரிசையில் அமரட்டும். அவளது மருத்துவச் செலவில் சபையும் பங்கேற்கட்டும்.

சுகமாக்கும் கரத்திற்காக ஸ்தோத்திரம் செலுத்துவோம். பிள்ளைகளைத் தரம்பிரிக்கும் கரத்திற்கு உடன்படாதிருப்போம். இவ்விரண்டையும் வேறுபிரித்தறியும் ஞானத்தைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.